இரைப்பைப் புற்றுநோய்ப் பரிசோதனைகள்: எது யாருக்கு என்று எங்கள் குடும்பம் போட்ட கணக்கு

அப்பாவுக்கு இரைப்பைப் புற்றுநோய் என்று திசுப் பரிசோதனை முடிவு வந்தபோது நோய் கல்லீரலுக்கும் பரவியிருந்தது. அறுவைச் சிகிச்சைக்கு இடமில்லை என்று விளக்கிய மருத்துவர், பேச்சை முடிக்கும் தறுவாயில் பிள்ளைகள் மூவரையும் பார்த்து, "நீங்களும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது" என்றார். எதைப் பார்ப்பது, எப்போது பார்ப்பது, எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை பார்ப்பது என்று அவர் சொல்லவில்லை. கேட்கும் நிலையில் நாங்களும் அன்றில்லை. அப்பா காலமான பிறகு அக்கா, நான், தம்பி ஆகிய மூவரும் அந்த ஒற்றை வரிக்குப் பொருள் தேடி ஆளுக்கொரு பரிசோதனைக்குப் போனோம். பின்னர் அறிக்கைகளையெல்லாம் ஒன்றாகப் பரப்பி வைத்துப் பேசினோம். நான் மருத்துவன் அல்லன், கணக்கு எழுதிப் பிழைப்பவன். ஆகவே எதையும் வரவு, செலவு என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் இதிலும் தொற்றிக்கொண்டது. அந்தக் கணக்கில் தெரியவந்தவற்றையே இங்கே எழுதுகிறேன்.

தொடங்குமுன் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். உடலில் எந்தத் தொந்தரவும் இல்லாதவர் முன்னெச்சரிக்கையாகச் செய்துகொள்வதுதான் ஸ்கிரீனிங். காரணமில்லாமல் எடை குறைகிறவர்கள், விழுங்கும்போது அடைப்பதாக உணர்கிறவர்கள், வாந்தி நிற்காதவர்கள், மலம் கன்னங்கரேலென்று போகிறவர்கள், நடு வயதைத் தாண்டி இரும்புச் சத்துக் குறைவால் ரத்தசோகை வந்தவர்கள் ஆகியோருக்கு நான் கீழே செய்யும் ஒப்பீடு எதுவும் பொருந்தாது. அவர்கள் நேரே எண்டோஸ்கோபிக்கு, அதாவது வாய்வழியே கேமராக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்க்கும் பரிசோதனைக்குப் போக வேண்டியவர்கள். அப்பா நெடுநாள் "கேஸ் தொந்தரவு" என்று சொல்லி மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார். அமிலத்தை அடக்கும் மாத்திரை, புற்றினால் உண்டான புண்ணின் வலியையும் சில காலம் தணித்து வைக்கக்கூடியது என்பதால், மாத்திரைக்குக் கேட்கிறது என்பதை ஆறுதலாக எடுத்துக்கொள்வதற்கில்லை.

இந்த நோயை எப்போது கண்டுபிடிக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 2022-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் ஏறத்தாழ 9,68,000 பேருக்கு இரைப்பைப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் ஏறத்தாழ 6,60,000 பேர் அதனால் இறந்தனர். இரண்டு எண்களும் இவ்வளவு நெருக்கமாக இருப்பதற்கு முக்கியமான காரணம், பெரும்பாலோருக்கு நோய் முற்றிய பிறகே தெரியவருவதுதான். இரைப்பையின் உட்பக்கச் சவ்வைத் தாண்டாத தொடக்க நிலையில் கண்டுபிடித்துச் சிகிச்சை செய்தால் ஐந்தாண்டுகளுக்கு மேல் வாழ்வோர் 90 சதவீதத்துக்கும் அதிகம். அவர்களில் பலருக்கு வயிற்றைக் கிழிக்காமல் எண்டோஸ்கோபி வழியாகவே அந்தப் பகுதியைச் சீவி எடுத்துவிட முடிகிறது. தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவிய பிறகு அந்த விகிதம் 10 சதவீதத்துக்கும் கீழே போய்விடுகிறது.

இதற்கு முந்தைய ஒரு கட்டமும் உண்டு. இரைப்பைப் புற்றில் பெரும்பகுதி திடீரென்று முளைப்பதில்லை. ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி பெரும்பாலும் சிறு வயதிலேயே தொற்றிப் பல பத்தாண்டுகள் இரைப்பையில் அழற்சியை உண்டாக்குகிறது. பிறகு சுரப்பிகள் அழிந்து உட்சவ்வு மெலிகிறது. இரைப்பைச் செல்கள் குடல் செல்களின் உருவத்துக்கு மாறுகின்றன. செல்களின் ஒழுங்கு கெடுகிறது. சிலருக்கு அது புற்றில் முடிகிறது. கொலம்பியாவில் பிறந்த நோயியல் அறிஞர் பெலாயோ கொரேயா வகுத்துக் காட்டிய வரிசை இது. இக்கிருமியைக் கண்டறிந்ததற்காக ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பேரி மார்ஷலும் ராபின் வாரனும் 2005-இல் நோபல் பரிசு பெற்றார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1994-இலேயே இதைப் புற்று உண்டாக்குவது உறுதியான காரணிகளின் பட்டியலில் சேர்த்துவிட்டது. கிருமி இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புற்று வருவதே இல்லை. 100 பேரில் ஒருவர் முதல் மூவர் வரைதான் அந்த நிலைக்குப் போகிறார்கள். ஆகவே பரிசோதனைகளை இரண்டு வகையாகப் பிரிக்கலாம்: வந்துவிட்ட புற்றைத் தேடுபவை, புற்றுக்கு இட்டுச்செல்லும் நிலையைத் தேடுபவை. எந்த வகைக்குப் பணம் கொடுக்கிறோம் என்று தெரியாமல் பணம் கொடுப்பவர்களே அதிகம்.

தம்பி முதலில் போனது ஒரு பரிசோதனைக் கூடத்தின் "முழு உடல் புற்றுநோய்ப் பேக்கேஜுக்கு". ரத்தத்தில் சி.இ.ஏ., சி.ஏ. 19-9 போன்ற டியூமர் மார்க்கர்கள் (புற்று இருந்தால் அளவு உயரக்கூடிய பொருள்கள்), வயிற்று ஸ்கேன் ஆகியவை அதில் அடக்கம். எல்லாம் இயல்பு என்று பச்சை நிறத்தில் அச்சிட்ட அறிக்கை வந்தது, அவன் நிம்மதியாகிவிட்டான். அந்த நிம்மதிக்கு ஆதாரமே இல்லை. தொடக்க நிலை இரைப்பைப் புற்றில் இந்த மார்க்கர்கள் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். மறுபுறம், புகைபிடிப்பது, கல்லீரல் நோய், பித்தக்குழாய் அடைப்பு போன்ற வேறு காரணங்களாலும் அவை உயரும். புற்று உறுதியான நோயாளிக்குச் சிகிச்சை எப்படிப் பலிக்கிறது என்று பின்தொடரத்தான் அவை உதவுகின்றன. வெளியிலிருந்து எடுக்கும் வயிற்று ஸ்கேனும் இரைப்பையின் உட்சவ்வில் ஏற்படும் சிறு மாற்றத்தைக் காட்டாது. விலைப்பட்டியலில் மலிவாகத் தெரியும் இந்தப் பேக்கேஜ்தான் எங்கள் கணக்கில் மிகவும் விலை உயர்ந்தது என்பேன், ஏனெனில் செலவுப் பக்கத்தில் பணமும் பொய்யான உறுதியும் இருந்தன, வரவுப் பக்கம் வெறுமையாக இருந்தது.

அடுத்து எங்களுக்குச் சொல்லப்பட்டது பெப்சினோஜன் என்ற ரத்தப் பரிசோதனை. இதன் தர்க்கம் எனக்குப் பிடித்திருந்தது. பெப்சினோஜன் என்பது இரைப்பை சுரக்கும் செரிமானப் பொருள். அதில் பெப்சினோஜன் 1 இரைப்பையின் உடற்பகுதிச் (நடுவிலுள்ள பெரும்பகுதி) சுரப்பிகளிலிருந்து வருகிறது. பெப்சினோஜன் 2 இரைப்பை முழுவதிலிருந்தும் வருகிறது. உடற்பகுதியில் சுரப்பிகள் அழிந்தால் முதலாவது குறையும், இரண்டுக்கும் உள்ள விகிதமும் சரியும். பெப்சினோஜன் 1 ஒரு மில்லிலிட்டருக்கு 70 நானோகிராம் அல்லது அதற்குக் கீழும், விகிதம் 3 அல்லது அதற்குக் கீழும் இருந்தால் சவ்வு மெலிந்திருக்கக்கூடும் என்பது ஜப்பானில் வழக்கத்துக்கு வந்த எல்லைக்கோடு. அதோடு கிருமிக்கான எதிர்ப்பொருள் பரிசோதனையையும் சேர்த்து, ஆட்களை நான்கு பிரிவுகளாகப் பிரிக்கிறார்கள். இரண்டும் இயல்பாக இருப்பவர்களுக்கு ஆபத்து மிகக் குறைவு. விந்தையானது கடைசிப் பிரிவு: பெப்சினோஜன் சரிந்திருக்கும், கிருமிக்கான தடயம் இருக்காது. கிருமியே வாழ முடியாத அளவுக்கு இரைப்பை கெட்டுப்போனவர்கள் அவர்கள். ஆபத்தும் அவர்களுக்கே அதிகம். கிருமி இல்லை என்ற ஒற்றை வரியைப் பார்த்து மகிழ்ந்துவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

ஆனால் இந்தப் பரிசோதனையைப் புற்றைக் கண்டுபிடிக்கும் கருவியாகப் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்று ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். புற்றுள்ளவர்களில் ஏறத்தாழ 70 சதவீதத்தினரை இது சுட்டிக்காட்டுகிறது, புற்றில்லாதவர்களில் ஏறத்தாழ 73 சதவீதத்தினரைச் சரியாக விலக்குகிறது என்பது பல ஆய்வுகளைத் தொகுத்துக் கிடைத்த அளவு. 10,000 பேரில் 5 பேருக்குப் புற்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த ஐவரில் மூன்று அல்லது நான்கு பேர் பிடிபடுவார்கள். புற்றில்லாத 9,995 பேரில் ஏறத்தாழ 2,700 பேர் "சந்தேகம்" என்ற முத்திரையோடு எண்டோஸ்கோபிக்கு அனுப்பப்படுவார்கள். அதாவது, ஒரு புற்றைக் கண்டுபிடிக்க ஏறத்தாழ 770 எண்டோஸ்கோபி. இப்போது அதே 10,000 பேரில் 50 பேருக்குப் புற்று இருக்கும் ஒரு கூட்டத்தை எடுத்துக்கொள்வோம். 35 பேர் பிடிபடுவார்கள். வீணாக அனுப்பப்படுவோர் எண்ணிக்கை அநேகமாக மாறாது. ஒரு புற்றுக்கு 78 எண்டோஸ்கோபி போதும். கருவி அதேதான், கட்டணமும் அதேதான். யாரிடம் பயன்படுத்துகிறோம் என்பது மாறியவுடன் பயன் பத்து மடங்காகிறது. அனுப்பப்பட்ட அத்தனை பேரும் வீண் என்று சொல்வதும் முழு நியாயமாகாது, அவர்களில் பலருக்குச் சவ்வு மெலிந்திருப்பது உண்மையாகவே இருக்கும். என்றாலும், எந்தப் பரிசோதனை சிறந்தது என்ற கேள்விக்கு ஆளைப் பார்க்காமல் விடையே இல்லை என்பதை இந்தத் தாள்தான் எங்களுக்கு உணர்த்தியது.

எங்கள் ஆபத்து என்ன? பெற்றோரிலோ உடன்பிறந்தோரிலோ ஒருவருக்கு இரைப்பைப் புற்று வந்திருந்தால், மற்றவர்களைவிட இரண்டு முதல் மூன்று மடங்கு ஆபத்து. எங்களுக்குப் பொருத்தமான ஆய்வு ஒன்றும் இருந்தது. தென் கொரியாவில் செய்யப்பட்டு 2020-இல் வெளிவந்த அந்த ஆய்வில், நெருங்கிய உறவினருக்கு இந்நோய் வந்திருந்த, உடலில் கிருமி இருந்த ஆட்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குக் கிருமி ஒழிப்பு மருந்தும் மறு பிரிவுக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் பின்தொடர்ந்ததில், மருந்து பெற்ற 832 பேரில் 10 பேருக்கும், வெற்று மாத்திரை பெற்ற 844 பேரில் 23 பேருக்கும் புற்று வந்தது. ஆபத்து பாதிக்கும் கீழே குறைந்திருக்கிறது; முழுமையாக நீங்கிவிடவில்லை. சீனாவின் லின்சூ பகுதியில் 1995-இல் இரண்டே வாரம் மருந்து கொடுத்துத் தொடங்கிய ஆய்வு, 22 ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தப் பலன் நீடிப்பதைக் காட்டியது. ஒருமுறை செய்யும் செலவுக்கு இருபதாண்டு வரவு என்றால் எந்தக் கணக்கனும் அதை முதல் வரியில் எழுதுவான்.

அக்காவுக்கு எண்டோஸ்கோபி என்றாலே நடுக்கம். "குழாயெல்லாம் வேண்டாம், ஊதச் சொன்னால் ஊதுகிறேன்" என்று மூச்சுப் பரிசோதனைக்குச் சம்மதித்தாள். வெறும் வயிற்றில் ஒரு பையில் ஊத வேண்டும். பிறகு கார்பன்-13 கலந்த யூரியா கரைசலைக் குடித்துவிட்டு ஏறத்தாழ அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து, இன்னொரு பையில் ஊத வேண்டும். கிருமி இருந்தால் அது யூரியாவை உடைக்கும், அதிலிருந்து வரும் கார்பன் மூச்சுக்காற்றில் தெரியும். வலியில்லை, கதிர்வீச்சில்லை. ஆனால் சரியாகச் செய்ய நிபந்தனைகள் உண்டு: அமிலம் அடக்கும் மாத்திரைகளை இரண்டு வாரமும் ஆன்ட்டிபயாடிக்குகளை நான்கு வாரமும் நிறுத்தியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று வரக்கூடும். தம்பி அப்போது அமில மாத்திரை போட்டுக்கொண்டிருந்தான். பரிசோதனைக் கூடத்தில் யாரும் அதைக் கேட்கவில்லை. அக்காதான் தன் அறிவுறுத்தல் தாளைப் படித்துவிட்டு அவனுக்குத் தொலைபேசியில் சொல்லி, தேதியைத் தள்ளிவைக்கச் செய்தாள். மலத்தில் கிருமியின் கூறுகளைத் தேடும் பரிசோதனையும் இதற்கு ஈடானது, பெரும்பாலும் மலிவானது. ஆனால் அதற்கும் இதே நிபந்தனைதான். ரத்தத்தில் எதிர்ப்பொருளைத் தேடும் பரிசோதனைக்கு இந்த நிபந்தனை இல்லை. ஆனால் கிருமி ஒழிந்து ஆண்டுக்கணக்கான பிறகும் அது "உண்டு" என்றே காட்டிக்கொண்டிருக்கும். ஆகவே சிகிச்சை பலித்ததா என்று பார்க்க அது உதவாது.

அக்காவுக்குக் கிருமி இருந்தது. பிஸ்மத் உட்பட நான்கு மருந்துகள், 14 நாள்கள். வாயில் எந்நேரமும் உலோகச் சுவை, குமட்டல், பாதி நாள்கள் பேதி. பிஸ்மத்தினால் மலம் கறுத்ததைப் பார்த்து ரத்தமோ என்று ஒரு இரவு முழுக்கப் பயந்தாள். இடையில் நிறுத்திவிடட்டுமா என்று அவள் கேட்டபோது மருத்துவர் கண்டிப்பாக மறுத்தார்: அரைகுறையாக நிறுத்தினால் மிஞ்சும் கிருமி மருந்துக்கு அடங்காததாகிவிடும், அடுத்த முறை இதைவிடக் கடினமான மருந்து தேவைப்படும். மருந்து முடிந்து நான்கு வாரங்களுக்கு மேல் கழித்து மலப் பரிசோதனையில் கிருமி போய்விட்டதை உறுதி செய்தோம். இந்த உறுதிப்படுத்தலைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கொரிய ஆய்வில் உண்மையான பலன் கிடைத்தது கிருமி ஒழிந்தவர்களுக்கே. மருந்து வாங்கிச் சாப்பிட்டோம் என்பது மட்டும் கணக்கில் வராது.

பேரியம் எக்ஸ்ரே பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வெண்ணிறக் கரைசலைக் குடித்து, மேசையில் புரண்டு புரண்டு படுத்துப் படம் எடுத்துக்கொள்ளும் முறை இது. ஜப்பான் 1960-களிலிருந்து இதைப் பரவலாகச் செய்து, 1983-இல் தேசியத் திட்டமாக்கியது. எண்டோஸ்கோபி கருவிகளும் நிபுணர்களும் குறைவாக இருந்த காலத்தில் இது பெரிய தொண்டு. இப்போது தனிநபராகச் செலவு செய்து இதைத் தேர்ந்தெடுக்க நான் காரணம் காணவில்லை. தட்டையான சிறு புற்று இதில் எளிதில் தப்பிவிடும். சந்தேகம் வந்தால் எப்படியும் எண்டோஸ்கோபிக்குத்தான் போக வேண்டும். கதிர்வீச்சும் மலச்சிக்கலும் கூடுதல் செலவு. தென் கொரியாவின் தேசியத் திட்டத்தில் 40 வயது கடந்தவர்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எண்டோஸ்கோபியோ பேரியமோ தருகிறார்கள். அங்கே நிகழ்ந்த இறப்புகளை ஆராய்ந்து 2017-இல் வெளியிட்ட கட்டுரையில், எண்டோஸ்கோபி செய்துகொண்டவர்கள் இந்நோயால் இறக்கும் வாய்ப்பு, எந்தப் பரிசோதனையும் செய்யாதவர்களுடையதில் ஏறத்தாழ பாதியாக இருந்தது. பேரியம் செய்துகொண்டவர்களுக்கு அநேகமாக வேறுபாடே இல்லை.

இந்த "பாதி" என்ற எண்ணையும் அப்படியே விழுங்கிவிடக் கூடாது. பரிசோதனைக்குத் தாமாக வருகிறவர்கள் பொதுவாகவே உடல்நலத்தில் அக்கறை உள்ளவர்கள். அவர்கள் குறைவாக இறப்பதற்கு அதுவும் ஒரு காரணமாகலாம். இதைவிட நுட்பமான பொறி ஒன்று இருக்கிறது. ஒருவர் 70 வயதில் இறக்கப்போகிறார் என்று வைத்துக்கொள்வோம். நோய் 68-இல் தெரிந்தால் இரண்டு ஆண்டு வாழ்ந்தார் என்பார்கள்; அதே நோய் 64-இல் தெரிந்தால் ஆறு ஆண்டு வாழ்ந்தார் என்பார்கள். ஒரு நாள்கூட ஆயுள் கூடவில்லை. கவலையோடு வாழ்ந்த காலம்தான் கூடியிருக்கிறது. ஆகவே "எங்கள் பரிசோதனையில் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் இத்தனை ஆண்டு வாழ்கிறார்கள்" என்று எவராவது விளம்பரம் செய்தால், இறப்பு குறைந்ததா என்று திருப்பிக் கேட்க வேண்டும். நான் மேலே தொடக்க நிலைக்குச் சொன்ன 90 சதவீதத்துக்கும் இந்த எச்சரிக்கை ஓரளவு பொருந்தும்.

நான் எண்டோஸ்கோபியைத் தேர்ந்தெடுத்தேன். மயக்கம் வேண்டாம், தொண்டைக்கு மரத்துப்போகும் மருந்து மட்டும் போதும் என்றேன். மயக்க மருந்து எடுத்துக்கொண்டால் துணைக்கு ஒருவர் வர வேண்டும், அன்று முழுவதும் வண்டி ஓட்டக் கூடாது, இருவருக்கும் ஒரு நாள் வேலை போகும். மூச்சையும் இதயத்தையும் சார்ந்த சிறு அபாயமும் கூடும். முதலில் நுரையைக் கரைக்கும் திரவம் ஒன்றைக் குடிக்கக் கொடுத்தார்கள். தொண்டையில் தெளித்த மருந்தின் கசப்பு நாக்கின் அடிவரை இறங்கியது. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து, பிளாஸ்டிக் வளையத்தைக் கடித்துக்கொண்டபின் குழாய் உள்ளே போனது. தொண்டையைத் தாண்டும்வரை ஓங்கரித்தது, கண்ணில் நீர் வழிந்தது; தாண்டிய பிறகு வயிறு உப்பும் உணர்வு மட்டும்தான். எதிரே திரையில் என் இரைப்பை தெரிந்தது. மருத்துவர் காற்றைச் செலுத்தி மடிப்புகளை விரித்தார், ஒட்டியிருந்த கோழையை நீர் பீய்ச்சிக் கழுவினார், குழாயை வளைத்துத் திருப்பி நுழைவாயிலைக் கீழிருந்து பார்த்தார். கீழ்ப்பகுதியில் இரண்டு, வளைவில் ஒன்று, உடற்பகுதியில் இரண்டு என்று ஐந்து துணுக்குகளைக் கிள்ளி எடுத்தார். கிள்ளியது எனக்குத் தெரியவே இல்லை. செவிலியர் அவற்றை இடம்வாரியாகத் தனித்தனிப் புட்டிகளில் போட்டுப் பெயர் ஒட்டினார்.

இத்தனை நுணுக்கமாக எழுதக் காரணம் இருக்கிறது. எண்டோஸ்கோபி என்ற ஒரே பெயரில் தரத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உடைய வேலைகள் நடக்கின்றன. உணவுக்குழாயிலோ இரைப்பையிலோ புற்று உறுதியானவர்களின் பழைய ஆவணங்களை ஆராய்ந்த தொகுப்பு ஒன்றில், அவர்களில் ஏறத்தாழ 11 சதவீதத்தினருக்கு அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள் செய்த எண்டோஸ்கோபியில் நோய் தவறவிடப்பட்டிருந்தது. அப்பாவுக்கும் நோய் தெரிவதற்கு முன் வேறோர் இடத்தில் ஒரு எண்டோஸ்கோபி நடந்திருந்தது. அந்த அறிக்கையை இப்போது எடுத்துப் பார்த்தால், இரைப்பை அழற்சி என்ற ஒரு வரியும் தெளிவில்லாத இரண்டு படங்களும்தான் இருக்கின்றன. துணுக்கு எடுத்ததற்கான குறிப்பு இல்லை. அன்றைக்கே புற்று இருந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. ஐரோப்பிய எண்டோஸ்கோபி சங்கத்தின் தர அளவுகோல், முதன்முறை செய்யும் பரிசோதனைக்குக் குறைந்தது ஏழு நிமிடம், குறைந்தது பத்துப் படங்கள் என்கிறது. சிங்கப்பூரில் நடந்த ஓர் ஆய்வில், சராசரியாக ஏழு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்ட மருத்துவர்கள் ஆபத்தான மாற்றங்களை மற்றவர்களைவிட இரு மடங்கு கண்டுபிடித்தார்கள். ஆகவே நாள் குறிக்கும்போதே மூன்றைக் கேட்டுவிடலாம்: நுரை கரைக்கும் திரவம் தருவீர்களா, இடம்வாரியாகத் துணுக்கு எடுப்பீர்களா, படங்களோடு அறிக்கை தருவீர்களா? முகம் சுளிக்காமல் பதில் சொல்லும் இடமே போக வேண்டிய இடம். அவசரமாகச் செய்த இரண்டு மலிவான பரிசோதனைகளைவிட, பொறுமையாகச் செய்த ஒன்று மலிவு.

அபாயத்தைப் பொறுத்தவரை, நோயறிவதற்காக மட்டும் செய்யும் எண்டோஸ்கோபியில் பெரிய சிக்கல் வருவது ஆயிரத்துக்கு ஒன்றைவிடக் குறைவு. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். என் அனுபவத்தில் பெரிய செலவு வேறிடத்தில் இருந்தது. துணுக்குகளின் முடிவு வரும்வரை தூக்கம் கெட்டது. வந்த முடிவில் கிருமியும், கீழ்ப்பகுதியில் மட்டும் செல்கள் குடல் வகைக்கு மாறியிருப்பதும் இருந்தன. உடற்பகுதி நன்றாக இருந்தது. புற்றல்ல, ஆனாலும் இனி நான் கண்காணிப்பில் இருக்கும் ஆள். ஐரோப்பிய வழிகாட்டு நெறியின்படி, மாற்றம் ஓரிடத்தில் மட்டும் இருந்து குடும்பத்திலும் நோய் இருந்தால் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எண்டோஸ்கோபி. மாற்றம் இரைப்பை முழுவதும் பரவிக் குடும்பத்திலும் நோய் இருந்தால் ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை. குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல், கிருமியும் இல்லாமல், ஓரிடத்தில் மட்டும் சாதாரண வகை மாற்றம் இருப்பவருக்குக் கண்காணிப்பே தேவையில்லை என்கிறது அதே நெறி. ஒவ்வோர் ஆண்டும் வரச் சொல்லும் இடங்களில், எந்த அடிப்படையில் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அறிகுறி இல்லாமல் செய்துகொள்ளும் பரிசோதனைக்குப் பல காப்பீட்டுத் திட்டங்கள் பணம் தருவதில்லை என்பதையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது; முதல் கட்டணத்தைவிட, அதைத் தொடர்ந்து ஆண்டுக்கணக்கில் வரும் கட்டணங்களே கூட்டுத்தொகையில் பெரிதாக நிற்கின்றன.

அப்பாவின் தங்கை, எங்கள் அத்தைக்கு எண்பதை நெருங்கும் வயது. இதயச் சிகிச்சையும் நடந்திருக்கிறது. அவரையும் அழைத்துக்கொண்டு போகத் தம்பி துடித்தான். "இருக்கிற மாத்திரையே போதும்ப்பா, இனிமேல் புதுசா ஒண்ணைக் கண்டுபிடிச்சு என்ன பண்ணப் போறீங்க?" என்று அத்தை கேட்டார். அதில் மருத்துவ நியாயமும் இருந்தது. தொடக்க நிலைப் புற்று உயிருக்கு ஆபத்தாக வளர ஆண்டுகள் பிடிக்கும். அந்த ஆண்டுகளைத் தாண்டி வாழும் வாய்ப்பு உள்ளவருக்கே முன்கூட்டிக் கண்டறிவதில் ஆதாயம். மற்றவர்களுக்கு மயக்க மருந்தும் அறுவைச் சிகிச்சையும் நோயைவிடப் பெரிய அபாயம். தொந்தரவு வந்தால் பார்ப்போம் என்று முடிவு செய்து விட்டுவிட்டோம்; அத்தையைப் பார்க்கும் இதய மருத்துவரும் அதையே சொன்னார்.

அப்பாவின் திசு அறிக்கையைப் பத்திரமாக வைத்திருந்தது ஒரு முக்கியமான கட்டத்தில் உதவியது. அவருடையது குடல் வகைப் புற்று, அதாவது மேலே சொன்ன வரிசைப்படி இரைப்பையிலேயே வருவது. பரவல் வகைப் புற்று என்று இன்னொன்று இருக்கிறது. சிடிஹெச்1 என்ற மரபணுக் கோளாறு உள்ள குடும்பங்களில் அது இளம் வயதிலேயே வருகிறது. 1998-இல் நியூசிலாந்தின் மாவோரிக் குடும்பங்களை ஆராய்ந்தபோது இந்தத் தொடர்பு வெளிப்பட்டது. அந்த வகை சவ்வுக்கு அடியில் படர்வதால் கவனமான எண்டோஸ்கோபியிலும் தப்பக்கூடும், பெப்சினோஜனிலும் தெரியாமல் போகலாம். கோளாறு உறுதியான பலருக்குப் புற்று வருமுன்பே இரைப்பையை முழுவதும் எடுத்துவிடப் பரிந்துரைக்கிறார்கள். குடும்பத்தில் ஒருவருக்கு மேல் இரைப்பைப் புற்று இருந்தால், அல்லது 50 வயதுக்குள் பரவல் வகை வந்திருந்தால், அல்லது கூடவே மார்பகத்தில் லோபுலர் வகைப் புற்று (பால் சுரக்கும் சுரப்பிகளில் தொடங்குவது) இருந்தால், பரிசோதனைப் பட்டியலைப் புரட்டுவதற்கு முன் மரபணு ஆலோசகரைப் பார்ப்பதே முறை.

தம்பிக்கு, மாத்திரையை நிறுத்திய பின் செய்த மூச்சுப் பரிசோதனையிலும், பிறகு ஒருமுறை செய்த எண்டோஸ்கோபியிலும் எதுவும் இல்லை. அவனுக்கு அடிக்கடி குழாய் விடத் தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள். அக்கா கிருமி போனதோடு நின்றிருந்தாள். ஐம்பதைக் கடந்தவளுக்குச் சவ்வு ஏற்கெனவே எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாமல் கிருமியை மட்டும் ஒழித்தது பாதி வேலைதான் என்று நானும் தம்பியும் வற்புறுத்தினோம். அவளுக்குப் பெருங்குடல் பரிசோதனையும் வயதின் காரணமாகப் பரிந்துரைக்கப்பட்டிருந்தது. இரண்டையும் ஒரே அமர்வில், ஒரே மயக்கத்தில் முடிக்கலாம் என்று இரைப்பைக் குடல் மருத்துவர் சொன்ன பிறகுதான் ஒப்புக்கொண்டாள்: மயக்க மருந்துச் செலவு ஒன்று, விடுப்பு ஒரு நாள், துணைக்குப் போகும் ஆளும் ஒருவர். எனக்கும் அடுத்த கண்காணிப்பு நாள் வரும்போது பெருங்குடலுக்கான வயது நெருங்கியிருக்கும் என்பதால், இரண்டையும் சேர்த்தே குறித்து வைக்கும்படி கேட்டிருக்கிறேன்.